அமைதிப் பள்ளத்தாக்கு: முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துச் செல்வது குறித்து

வணக்கம் ஐயா. திருமங்கலத்திலிருந்து சொந்தக் காரில் விடியற்காலையில் கிளம்பி, ஆடி மாதத்தில், முழங்கால் வலியுள்ள தாயாருடன் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலாது என்பதே என் கருத்து.

பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, மன்னார்க்காடு வழியாக பூங்காவின் நுழைவிடமான முக்காலி என்ற ஊர் வரை மட்டுமே உங்கள் கார் செல்லும். அங்கிருந்து பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரி என்ற இடம் வரை ஏறத்தாழ 23 கிலோமீட்டர் காட்டுப் பாதையில், முன்பதிவு செய்த வனத்துறை வாகனத்தில்தான் போக வேண்டும் என்பதாலும், அது குலுங்கிக் குலுங்கி ஊர்வதாலும், முந்தைய இரவே மன்னார்க்காட்டில் தங்கிவிடுவது நல்லது.

ஆடியில் நம் பக்கம் காற்று மட்டும்தான். அங்கோ தென்மேற்குப் பருவமழை கொட்டும், அட்டைகள் காலை விடா. மார்கழியோ தையோ உகந்தது. சைரந்திரியின் உயரமான காவல் கோபுரத்தில் ஏறுவதையும், குந்திப்புழை ஆற்றுக்கு இறங்கும் நடையையும் தாயார் தவிர்க்கட்டும். வழியில் வெடிப்பலா என்னும் காட்டு மரங்களை ஓட்டுநரிடம் காட்டச் சொல்லுங்கள். அவற்றின் பழத்தை விரும்பும் சிங்கவால் குரங்குகளை, வாய்ப்பிருந்தால், தாயார் வண்டியில் அமர்ந்தபடியே பார்க்கலாம்.