பழைய வண்டிக்கு முழு பெயிண்ட்: பணம் எங்கே போகிறது? (கேள்வி பதில்)

பழைய வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செலவைப் பற்றியவை. தொகை எதுவும் நான் சொல்லப் போவதில்லை. வண்டியைப் பார்க்காமல் யாராவது தொகை சொன்னால் நீங்களும் நம்ப வேண்டாம். எந்த வேலைக்குப் பணம் போகிறது, எங்கே குறைக்கலாம், எங்கே குறைத்தால் வண்டி சீக்கிரமே பட்டறைக்குத் திரும்பும் என்பதைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் கார் பதினைந்து வருடப் பழசு. மூன்று பட்டறையில் விசாரித்தேன். ஒருவர் கேட்டதைப் போல மூன்று மடங்கு இன்னொருவர் கேட்கிறார். அதே கார், அதே கலர். யார் ஏமாற்றுகிறார்கள்?

யாரும் ஏமாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மூவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

குறைவாகச் சொன்னவர் பெரும்பாலும் இப்படிச் செய்வார்: வண்டியைக் கழுவி, மேலோட்டமாகத் தேய்த்து, கண்ணாடி, பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை), கைப்பிடி, விளக்கு எல்லாவற்றையும் கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்து, மேலே கலர் அடித்துவிடுவார். டெலிவரி எடுக்கும் நாளில் பளபளவென்றுதான் இருக்கும். டேப் ஒட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, அங்கிருந்துதான் பெயிண்ட் உரிய ஆரம்பிக்கும்.

அதிகம் சொன்னவர் கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றுவார். சொட்டைகளை டிங்கரிங் செய்து தகட்டை நேராக்கிய பிறகே, மிச்சப் பள்ளத்தை நிரப்பப் பட்டி (பசை மாதிரிப் பூச்சு) வைப்பார். பட்டியை 80, 180, 320 என்று எண் கூடிக்கொண்டே போகும் உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்ப்பார். தகடு வெளியே தெரியும் இடங்களில் எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் சர்ஃபேசர் (பரப்பைச் சமமாக்கும் பூச்சு), அது காய்ந்ததும் மறுபடி 400, 600 தாளில் தேய்ப்பு. இவ்வளவும் முடிந்துதான் கலர் வரும். ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடிக்கும் நேரம் மொத்த வேலையில் ஒரு சிறு பங்குதான். முறையாகச் செய்யும் வேலையில் கூலி பொருள் செலவைத் தாண்டிவிடுவது சகஜம். அந்தக் கூலியிலும் பெரும்பகுதி தேய்ப்புக்குப் போகிறது.

அதனால் அடுத்த முறை "எவ்வளவு ஆகும்?" என்பதோடு நிற்காமல் இவற்றையும் கேளுங்கள். எதை எல்லாம் கழற்றுவீர்கள்? உரிந்த இடத்தில் தகடு வரை எடுப்பீர்களா? எந்த பிரைமர்? கிளியர் (கலருக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) எத்தனை கோட்? பதிலை எழுதி வாங்கிக்கொண்டால்தான் மூன்று தொகைகளையும் ஒப்பிட முடியும்.

கேள்வி: என்.சி. பெயிண்ட் அடித்தால் செலவு நன்றாகக் குறையும் என்கிறார் எங்கள் பெயிண்டர். அடிக்கலாமா?

என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ். 1920களில் அது வந்தபோது பெரிய முன்னேற்றம். அதுவரை வார்னிஷ் வகைப் பூச்சுகள் காய வாரக்கணக்கில் ஆனது. ஆனால் என்.சி. அதில் கலந்த தின்னர் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) ஆவியாகிப் போவதால் மட்டும் காய்கிறது. பிறகு எப்போது தின்னர் பட்டாலும் கரையும், பெட்ரோல் சிந்தினாலும் மேல்பரப்பு கெடும். வெயிலில் சீக்கிரம் மங்குவதால் அடிக்கடி பாலிஷ் போட வேண்டியிருக்கும்.

இன்று கார்களுக்கு அடிப்பது 2கே. பெயிண்டோடு ஹார்டனர் கலந்ததும் இரண்டும் வேதிவினை புரிந்து இறுகிவிடும், திரும்பக் கரையாது. வருடக்கணக்கில் வைத்திருக்கப் போகும் வண்டி என்றால் 2கே அடியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: என்.சி. அடித்த வண்டிக்குப் பின்னாளில் நேராக 2கே அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பும் அபாயம் உண்டு. அப்போது பழையதைச் சுரண்டி எடுக்கும் கூலியும் சேர்ந்துகொள்ளும். இன்று மிச்சமானது அங்கே போய்விடும்.

கேள்வி: கலரைப் பொறுத்துச் செலவு மாறுமா?

மாறும். சாதாரண வெள்ளை மாதிரி சாலிட் கலர்கள் மலிவு. சிவப்பிலும் மஞ்சளிலும் மறைக்கும் திறன் குறைவு, கூடுதல் கோட் கேட்கும். நல்ல சிவப்பு நிறமியின் விலையும் அதிகம். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் எப்படிப் படுகிறது என்பது கன்னின் தூரம், அழுத்தம், தின்னர் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. கை தேர்ந்தவர் வேண்டும். மூன்று அடுக்குப் பேர்ல் (முத்து மாதிரி மின்னும் கலர்) இருப்பதிலேயே செலவானது. அடியில் ஒரு நிறம், நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று ஒவ்வொன்றும் தனி வேலை.

கேள்வி: வெள்ளைக் காரைக் கறுப்பாக மாற்ற ஆசை. கூடுதலாக என்ன செலவு வரும்?

அதே கலர் என்றால் வெளிப்பக்கம் மட்டும் அடித்து முடிக்கலாம். மாற்றினால் கதவு இடுக்கு, டிக்கி ஓரம், பானெட்டின் உள்பக்கம், பெட்ரோல் மூடிக்குள் என்று எல்லா இடத்திலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அதை எல்லாம் அடிக்கக் கதவுகளையே கழற்ற வேண்டியிருக்கும். கூலி ஏறுவது அங்கேதான். அதிலும் கறுப்பு தகட்டின் சிறு நெளிவைக்கூடக் காட்டிக்கொடுக்கும். பழைய தகட்டில் கறுப்பு அழகாக நிற்க வேண்டும் என்றால் டிங்கரிங் செலவும் ஏறும். நான் என்றால் மாற்ற மாட்டேன். அப்படியும் மாற்றுவதானால் வண்டிப் பதிவில் நிறத்தை மாற்ற வேண்டுமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: கதவின் அடியில் நான்கைந்து இடத்தில் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடுமா அண்ணா?

ஆகாது தம்பி. அது துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் கூடுகிறது, அதனால் மேலே உள்ள பெயிண்டைத் தள்ளுகிறது. கொப்புளமாக நீங்கள் பார்ப்பது அதன் முனை மட்டும்தான். பெரும்பாலும் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வந்திருக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் இருக்கும். மண்ணும் தூசும் அதை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும்.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலக் கலவை போட்டுச் சுத்தம் செய்து, எபாக்சி பிரைமர் அடித்து மேலே போகலாம். முனை உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையைப் பட்டியால் மூடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், சில மாதங்களில் கொப்புளம் அதே இடத்தில் வரும்.

பழைய வண்டியில் செலவுக் கணக்கைத் தலைகீழாக்குவது இந்தத் துருதான். தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். எந்த நல்ல பட்டறையாலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. "துரு தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் கூடுதல் பணமும் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: பானெட்டிலும் கூரையிலும் மட்டும் மேல் படலம் தோல் உரிகிறது. பக்கவாட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது. முழுதாக அடிக்க வேண்டுமா?

வேண்டாம். வெயில் நேராக விழும் இடங்களில் கிளியர் கோட் முதலில் போவது இயல்பு. அந்த இரண்டை மட்டும் அடியுங்கள். மெட்டாலிக் என்றால் பக்கத்துப் பேனலிலும் கலரைக் கொஞ்சம் மங்கலாகப் பரவவிட்டு, கிளியரை அந்தப் பேனல் முழுக்க அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிற வித்தியாசம் தெரியும். வண்டியில் ஒட்டியிருக்கும் கலர் குறியீட்டு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் மங்கிய இன்றைய நிறத்தோடு ஒரு சோதனைத் தகட்டில் அடித்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: உரியவில்லை, ஆனால் வெளிறிப் போயிருக்கிறது. பாலிஷ் போதுமா?

போதும் என்றே நினைக்கிறேன். பெயிண்டுக்கு முன்னால் எல்லோருமே முயன்று பார்க்க வேண்டிய வேலை இது. வெள்ளைத் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் தொட்டு ஓர் ஓரத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் கலர் ஏறினால் கிளியர் இல்லாத பழைய வகைப் பூச்சு. மேல் அடுக்கைத் தேய்த்தால் பழைய நிறம் திரும்பும். கலர் ஏறாவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது. அது 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும், திரும்பத் திரும்பத் தேய்க்க முடியாது. கனம் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். கம்பெனிப் பூச்சு மொத்தமாகப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். அதைவிட மிகக் கூடுதலாக இருந்தால் முன்பே ஒருவர் மறுபெயிண்ட் அடித்த இடம். பல நூறைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது.

கேள்வி: கம்ப்ரசர் இருக்கிறது. வீட்டிலேயே அடித்தால் கூலி மிச்சம்தானே?

தேய்ப்பு வேலை வரை தாராளமாகச் செய்யுங்கள். 2கே அடிப்பதை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், மூச்சு முட்டும். வாசனையை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. சாதாரண முகக்கவசத்தை நம்ப முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசம்தான் பாதுகாப்பு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: பைக் டேங்க் மட்டும்?

கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி குறையும். பெட்ரோலை வடித்துவிட்டாலும் உள்ளே ஆவி இருக்கும். சுத்தம் செய்யாமல் யாரையும் சூடு காட்டவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். மேலே 2கே கிளியர் கட்டாயம்.

கேள்வி: பெயிண்டுக்குப் பதில் வினைல் ஸ்டிக்கர் சுற்றினால்?

அடிப் பெயிண்ட் நன்றாக இருக்கும் வண்டிக்கு அது சரி. உரியும் பெயிண்ட் மேலே ஒட்டினால் கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். துருவும் உள்ளே தொடர்ந்து பரவும்.

கேள்வி: விற்கத்தான் போகிறேன் சார். முழு பெயிண்ட் அடித்தால் போட்ட பணம் திரும்புமா?

பெரும்பாலும் திரும்பாது. புதுப் பெயிண்டைப் பார்த்ததும் "விபத்தில் அடிபட்ட வண்டியோ" என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். நன்றாகக் கழுவி, பாலிஷ் போட்டு, சிறு கீறல்களுக்கு டச்-அப் செய்து, இருக்கிற நிலையிலேயே காட்டுங்கள். நீங்கள் இன்னும் பல வருடம் ஓட்டப் போகும் வண்டிக்கும், மனதுக்கு நெருக்கமான வண்டிக்கும் முழு பெயிண்ட் அடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: செலவைக் குறைக்க நானே என்ன செய்யலாம்?

பம்பர், விளக்கு, கைப்பிடி, பீடிங், சின்னங்கள் ஆகியவற்றை நீங்களே கழற்றிக் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்து, ஆணிகளைத் தனித்தனிப் பையில் போடுங்கள். காய்ந்து இற்றுப்போன ரப்பர் பீடிங்கை இப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் புதுப் பெயிண்டில் கீறல் விழும். சிலிக்கோன் கலந்த பாலிஷ் எதையும் பட்டறைக்குப் போகும் முன் போடாதீர்கள். அது மீன் கண் மாதிரிக் குழிகளை உண்டாக்கும். அவசரப்படுத்தாமல் இருப்பதும் ஒரு வகை மிச்சம்தான். சர்ஃபேசர் முழுதாகக் காய்வதற்குள் கலர் அடித்தால், பின்னால் அது இறங்கி, தேய்த்த கோடுகள் எல்லாம் மேலே தெரியும்.

கேள்வி: நேற்றுதான் வண்டி வந்தது. எப்போது கழுவலாம், எப்போது வாக்ஸ் போடலாம்?

பூத்தில் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) சுமார் 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியிருந்தால் தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுதாக இறுக நாள் பிடிக்கும். கம்பெனியில் தகடு மட்டும் போகும்போது 140 டிகிரி வரை சூடேற்றுவார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் இருக்கும் வண்டியில் அது முடியாது. முதல் வாரம் வெறும் தண்ணீர் ஊற்றி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். பறவை எச்சம் விழுந்தால் உடனே ஊறவைத்துத் துடையுங்கள். வாக்ஸ் போட ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள். எந்த பிராண்டு கிளியர் அடித்தார்கள் என்று கேட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கைப் பின்பற்றுவது இன்னும் நல்லது. மீதமான கலரை ஒரு சின்ன டப்பாவில் கேட்டு வாங்கி வைத்தீர்களா? இல்லையென்றால் இன்றே போய் வாங்குங்கள், கலவை விகிதத்தையும் எழுதி வாங்குங்கள். முதல் கீறலுக்கு அது தேவைப்படும்.