படிக்கத் தெரியுது, பேசத்தான் வரல!

(இந்த வாரம் வந்த கடிதங்களில் சில, சீன மொழி பேசும் மாணவர்கள் ஆங்கிலம் பழகுவதைப் பற்றியே இருந்ததால் அவற்றுக்கு மட்டும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.)

கேள்வி: திண்டுக்கல்லைச் சேர்ந்த நான் சீனாவில், வூஹானில் மருத்துவம் படிக்கிறேன். கேன்டீனில் பழக்கமான தோழி ஒருத்தி, சிச்சுவான் மாகாணத்துப் பெண், ஆங்கிலப் புத்தகம் பக்கம் பக்கமாக வாசிக்கிறாள். ஆனால் நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் திணறுகிறாள். தினமும் சாயங்காலம் ஆங்கிலத்தில் பேசிப் பழகலாமா என்று கேட்கிறாள். நான் டீச்சர் இல்லையே, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அந்தப் பெண் இதுவரை ஆங்கிலம் படித்த விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. 2001-க்குப் பிறகு சீனப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பாடம் வந்துவிட்டது. பள்ளி முடிக்கும்போது எழுதும் காவ்காவ் நுழைவுத் தேர்வில் சீன மொழி, கணிதத்தோடு ஆங்கிலத்துக்கும் 150 மார்க். பெரும்பாலான மாகாணங்களில் பேசிக் காட்டுவதற்கு அந்த 150-ல் இடமே இல்லை. கல்லூரிக்கு வந்தால் சிஇடி-4 என்ற ஆங்கிலத் தேர்வு. மொத்தம் 710, அதில் 425 எடுத்தால் தேறியதாக எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சுத் தேர்வுக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும், அது கட்டாயமும் இல்லை. ஆக, பத்து வருஷத்துக்கு மேல் அவள் வாங்கிய ஒவ்வொரு மார்க்கும் வாயைத் திறக்காமலே வந்த மார்க். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை அகரவரிசைப்படி மனப்பாடம் செய்திருப்பாள். அதில் 'அபேண்டன்' முதல் பக்கத்திலேயே இருக்கும், நூடுல்ஸைத் தண்ணீர் வடிப்பதற்கு என்ன சொல்வது என்பது எந்தப் பக்கத்திலும் இருந்திருக்காது.

அதனால் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கப் போக வேண்டாம். அவளுக்கு நன்றாக வருவது வாசிப்பு, அதிலிருந்தே தொடங்குங்கள். அவளுக்குச் சுலபமாக இருக்கிற ஒரு பக்கத்தை மௌனமாக வாசிக்கட்டும். அடுத்து அதையே சத்தமாக வாசிக்கட்டும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு அதில் என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் கதை தெரியாதவர் மாதிரி "ஏன் போனான்? அப்புறம்?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இப்போதுதான் பார்த்த சொற்கள் என்பதால் நாக்குக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். கால் மணி நேரம், இருபது நிமிஷம் போதும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நாலாவது நாளே இருவருக்கும் அலுத்துவிடும்.

மீதி நேரம் அன்றாடப் பேச்சு. இங்கேதான் பல சீன மாணவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். "ஹவ் ஆர் யூ?" என்றால் "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று பாடப்புத்தகத்தில் படித்த பதில் பட்டென்று வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். தெரியாமல் இல்லை, அந்த வரிக்கு அப்புறம் என்ன என்பதை யாரும் பழக்கவில்லை. எனவே கேள்வியைப் பொதுவாகக் கேட்காதீர்கள். நீங்கள் இருப்பது வூஹான், காலையில் தெருவுக்குத் தெரு எள் விழுது போட்டுக் கலக்கிய ரெகான்மியன் நூடுல்ஸ் விற்கிற ஊர். "கடைக்காரர் அதை எப்படிச் செய்கிறார், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். வெந்த நூடுல்ஸை ஒரு கூடையில் போட்டு வெந்நீரில் முக்கி எடுப்பது, வடிப்பது, எள் விழுது, ஊறுகாய்த் துண்டுகள், கிளறுவது என்று ஐந்தாறு சொற்களுக்கு அவள் முட்டிக்கொண்டு நிற்பாள். கையால் செய்து காட்டுவாள். அந்த நேரத்தில் நீங்கள் எடுத்துக்கொடுக்கிற சொல்லை அவள் மறக்கவே மாட்டாள், ஏனென்றால் அது அவளுக்கு அப்போது தேவைப்பட்டது.

திருத்தும் விஷயத்தில் மட்டும் கவனம். "எஸ்டர்டே ஐ கோ சூப்பர்மார்க்கெட்" என்று அவள் சொன்னால், தப்பு, 'வென்ட்' என்று சொல்லு என்று நிறுத்தாதீர்கள். "ஓ, யூ வென்ட் டு தி சூப்பர்மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். சரியான வடிவம் அவள் காதில் விழுந்துவிடும், அவள் சொல்ல வந்ததும் அறுபடாது. தவறு செய்யக் கூடாது என்ற பயம் பரீட்சை அறையிலிருந்தே கூட வருவது, அதை நீங்கள் வளர்த்துவிட வேண்டாம். நேரில் பார்க்க முடியாத நாளில் வீசாட்டில் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி) குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பதிவு 60 விநாடிதான் போகும் என்பதால் அதுவே நல்ல அளவு.

கேள்வி: அதே வாசகி: அவள் தன் அப்பாவை 'ஷீ' என்கிறாள், அண்ணனையும் 'ஷீ' என்கிறாள். 'நைட்', 'லைட்' இரண்டும் ஒன்று போலக் கேட்கிறது. இவ்வளவு படித்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்?

பதில்: தெரியும். எழுதச் சொல்லிப் பாருங்கள், அநேகமாகச் சரியாக எழுதுவாள். சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே: 'தா'. பிறந்ததிலிருந்து வாய் பிரித்துச் சொல்லாத ஒன்றை ஆங்கிலத்தில் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பிரிக்கச் சொன்னால் அவசரத்தில் வழுக்கத்தான் செய்யும். குடும்பப் போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வாக்கியம் சொல்லச் சொல்வது இதற்கு நல்ல பயிற்சி.

'நைட்', 'லைட்' குழப்பம் ஊர்ப் பேச்சிலிருந்து வருவது. சிச்சுவானிலும் சரி, நீங்கள் இருக்கிற வூஹானிலும் சரி, உள்ளூர்ப் பேச்சில் ந, ல இரண்டும் கலந்து போகும். நம் ஊரிலும் ழகரத்தை ளகரமாகச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்று, இது நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். மாண்டரின் சீனத்தில் ஓர் அசை முடிந்தால் உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் ன், ங் போன்ற மூக்கொலியில் முடியும். பெய்ஜிங் பக்கம் கூட ஒரு ரகர ஒலி, அவ்வளவுதான். க், ட், ஸ் என்று முடியவே முடியாது. அதனால் 'வாக்ட்', 'ஹெல்ப்ட்' போன்ற சொற்களின் கடைசி ஒலி விழுந்துவிடும், அல்லது பின்னால் ஒரு சின்ன 'அ' ஒட்டிக்கொள்ளும். நாம் 'பஸ்ஸு', 'காரு' என்று உகரம் சேர்ப்பது போலத்தான். ஆனால் அங்கே இலக்கணமும் சேர்ந்து அடிவாங்குகிறது. சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருவம் மாறாது. ஆங்கிலத்தில் மாறும், அந்த மாற்றம் உட்கார்ந்திருப்பதோ அவளால் சொல்ல முடியாத கடைசி ஒலியில். கேட்கிறவருக்கு அவள் காலத்தைத் தப்பாகச் சொன்னாளா, ஒலியை விழுங்கினாளா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. சத்தமாக வாசிக்கச் சொல்வதன் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது. எழுத்து கண் முன்னால் இருக்கும்போது அந்த 'ட்'-டை விட்டால் அவளுக்கே தெரியும்.

நீங்கள் தமிழ் என்பதால் ஓர் இடத்தில் அவளைச் சட்டென்று புரிந்துகொள்வீர்கள். "டோன்ட் யூ லைக் இட்?" என்று கேட்டால், பிடிக்கவில்லை என்பதற்கு அவள் "எஸ்" என்பாள். "பிடிக்கலையா?" "ஆமா, பிடிக்கலை" என்று நாமும் அப்படித்தானே பேசுகிறோம்! ஆங்கிலத்தில் அங்கே 'நோ' வர வேண்டும். இருவரும் சேர்ந்தே பழகுங்கள்.

கேள்வி: பினாங்கில் டியூஷன் எடுக்கிறேன். சீனப் பள்ளியில் படிக்கும் ஒன்பது வயதுப் பையன், வீட்டில் மாண்டரின் பேசுகிறார்கள். பழகிய ஆங்கிலச் சொல்லைப் பார்த்த உடனே படித்துவிடுகிறான், புதுச் சொல் வந்தால் வாயே திறப்பதில்லை. 'கேன்' (can) என்பதை 'ட்ஸான்' என்றும் படித்தான். கவனக் குறைவா?

பதில்: இல்லை சிஸ்டர், அந்தப் பிள்ளை கவனமாகத்தான் படிக்கிறான். சீன எழுத்து ஒவ்வொன்றையும் முழு உருவமாகப் பார்த்து, எழுதி எழுதி மனதில் பதிய வைத்துப் பழகியவன். அதே உழைப்பை ஆங்கிலத்திலும் போடுகிறான். பார்த்த சொல் வரும், பார்க்காத சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வழி அவனுக்கு இன்னும் திறக்கவில்லை.

'ட்ஸான்' வந்தது பின்யின் முறையிலிருந்து. சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுத 1958-ல் சீனா கொண்டுவந்த முறை அது, மலேசியச் சீனப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் 'சி' எழுத்துக்கு 'ட்ஸ்' ஒலி, 'க்யூ' எழுத்துக்குச் சகர ஒலி. 'மீ' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்யின்படி படித்தால் 'ம' மாதிரி வரும். ஒரே எழுத்துக்கு இரண்டு சட்டம், எது எப்போது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, இது சீனத்துக்கு, இது ஆங்கிலத்துக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒலி ஒலியாகப் பிரித்துச் சேர்க்கும் விளையாட்டு: கேட், பேட், மேட், ஃபேட். எழுத்து அட்டைகளை அவனே நகர்த்தட்டும், இல்லாத சொல்லைக் கூட உருவாக்கிப் படிக்கட்டும். இல்லாத சொல்லை அவன் படித்தால் அது மனப்பாடம் இல்லை என்று உங்களுக்கும் நிச்சயமாகத் தெரியும்.

கேள்வி: சீனாவில் மொட்டை மாடியில் நின்று கூட்டமாகக் கத்தி ஆங்கிலம் படிப்பார்களாமே, நிஜமா? (கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்)

பதில்: நிஜம்தான். லாஞ்சோ பல்கலைக்கழகத்தில் படித்த லீ யாங் என்பவர் ஆங்கிலம் வராமல் திண்டாடி, வெட்டவெளியில் உரக்கக் கத்திப் படித்துத் தேறினார். 90-களில் அதையே ஒரு பயிற்சி முறையாக்கி, மைதானம் நிறைய மாணவர்களைச் சேர்த்துக் கத்த வைத்தார். கூச்சம் போவதற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் கூட்டத்தோடு கத்தும்போது எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்று காது கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, உரையாடலில் பாதி அதுதான்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய 'ஆங்கில மூலை' பழக்கம். ஷாங்காய் மக்கள் பூங்கா, பெய்ஜிங் ரென்மின் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள் முன்பின் தெரியாதவர்கள் கூடி நின்று ஆங்கிலத்தில் பேசுவார்கள். மாணவர், வேலைக்குப் போகிறவர், ஓய்வுபெற்றவர் எல்லாரும் வருவார்கள். பணம் கிடையாது, வாத்தியார் கிடையாது. 1982-ல் சீன அரசுத் தொலைக்காட்சி பிபிசியின் ஆங்கிலப் பாடத் தொடரை ஒளிபரப்பியபோது நாடே உட்கார்ந்து பார்த்தது, அந்தக் காலத்து ஆர்வம் அப்படி. உங்கள் கல்லூரியில் ஒரு மரத்தடி இருந்தால் போதும், அடுத்த வாரமே தொடங்கலாம்.

கேள்வி: என்ன புத்தகம் வாசிக்கச் சொல்வது? என் சீன நண்பன் பெரிய ஆங்கில நாவலை எடுத்து, வரிக்கு மூன்று சொல்லை போனில் தேடுகிறான். (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: அந்த நாவலை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள், ஒரு வருஷம் கழித்து எடுக்கலாம். நூறு சொல்லில் சுமார் 98 தெரிந்திருந்தால்தான் அகராதி இல்லாமல் ஒரு கதையை நிம்மதியாகப் புரிந்துகொள்ள முடியும் என்று மொழி கற்றல் ஆய்வாளர் பால் நேஷனும் அவருடன் சேர்ந்தவரும் 2000-ல் எழுதினார்கள். 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறேழு சொல் மட்டும் தெரியாமல் இருக்கலாம் என்று கணக்கு. அதற்கு மேல் போனால் புத்தகம் கனம். 400 வெவ்வேறு சொற்கள் தெரிந்தாலே வாசிக்கக் கூடியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் எளிய கதைப் புத்தகங்கள் கிடைக்கின்றன, சில பதிப்புகளில் பக்கத்திலேயே சீன மொழிபெயர்ப்பும் இருக்கும். அந்தப் பாதியை ஒரு காகிதத்தால் மூடிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண் தானாக அங்கே ஓடும். கல்லூரி முடித்தவனுக்குச் சின்னப் பிள்ளைகள் புத்தகமா என்று அவன் சங்கடப்படலாம். ஒரு வாரத்தில் ஒரு முழுப் புத்தகத்தை அகராதி தொடாமல் முடித்துப் பார்க்கட்டும், அடுத்ததை அவனே வாங்குவான்.