கேளுங்கள், சொல்கிறோம்: ஐரிஷ் வினையின் இறந்தகாலம்

அயர்லாந்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போன குமரி, பாலக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே தொடக்கப் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறார்கள். வீட்டுப்பாடத்துக்கு உதவ நினைக்கும் பெற்றோரும், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளும் இந்த முறை இறந்தகாலத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஐரிஷ் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறோம். ஒலி கிட்டத்தட்டத்தான் பொருந்தும். தமிழில் க, த, ப ஒவ்வொன்றுதான். எனவே கனத்த ஒலி வரும் இடங்களில் 'மூன்றாம் ப', 'மூன்றாம் த', 'மூன்றாம் க' என்று சொல்லியிருக்கிறோம். மலையாள அரிச்சுவடி வரிசை தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். மற்றவர்கள் 'தம்பி'யில் வரும் ப, 'பந்து'வில் வரும் த, 'சங்கு'வில் வரும் க ஒலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

*பேரன் டப்ளினில் மூன்றாம் வகுப்பு. 'ப்ரிஷ்' என்றால் உடை, 'வ்ரிஷ் மே' என்றால் உடைத்தேன் என்கிறான். கடைசியில் ஒன்றுமே சேரவில்லையே, எப்படி இறந்தகாலம் ஆகும்?*
வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் பேரன் சொல்வது சரி. தமிழில் காலமும் ஆளும் வினையின் பின்பாதியில் உட்கார்ந்திருக்கின்றன: 'வந்தேன்' என்பதில் த் காலம், ஏன் ஆள். ஐரிஷில் இறந்தகாலம் சொல்லின் முதல் மெய்யில் தெரியும். காதைச் சொல்லின் வாலிலிருந்து தலைக்கு மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்முறை இது. முதலில் ஏவல் ஒருமையை எடுங்கள். தமிழில் வினைப்பகுதி 'வா', 'போ', 'உடை' என்று ஏவல் வடிவில் இருப்பதுபோல் ஐரிஷிலும் அகராதி தருவது ஏவல்தான். அடுத்து அதன் முதல் மெய்யை மெலியுங்கள். இதற்கு ஐரிஷில் ஷேவியூ என்று பெயர். எழுத்தில் அந்த மெய்க்குப் பின்னால் ஒரு எச் நுழையும். பிறகு செய்தவரைச் சொல்லுங்கள்: மே என்றால் நான், தூ என்றால் நீ, ஷே அவன், ஷீ அவள்.

ப்ரிஷ், உடை: மூன்றாம் ப வகரமாகி 'வ்ரிஷ் மே'. மொல், புகழ்: இதுவும் வகரமாகி 'வொல் மே'. தோக், எடு: தகரம் வெறும் மூச்சாகி 'ஹோக் மே'. ஷஸ், நில்: 'ஹஸ் மே'. போஸ், கல்யாணம் செய்: 'ஃபோஸ் மே'. கிர், வை: ககரம் தொண்டையில் உரசி 'ஹிர் மே'.

ஆள் மாறினாலும் வினை மாறாது: வ்ரிஷ் மே, வ்ரிஷ் தூ, வ்ரிஷ் ஷே. மலையாளத்தில் 'ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு' என்று ஒரே வடிவம் எல்லோருக்கும் ஓடுகிறதல்லவா, அதே போக்கு. களியக்காவிளை தாண்டிப் பேசிப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை.

உயிரெழுத்தில் தொடங்கும் வினைக்கு மெலிய மெய் கிடையாது. அங்கே முன்னால் ஒரு மூன்றாம் த ஒட்டிக்கொள்ளும்: ஓல், குடி, 'தோல் மே', குடித்தேன். எஃப்-இல் தொடங்கினால் இரண்டு வேலையும் நடக்கும். எஃப் மெலிந்து ஒலியே இல்லாமல் போகும், முன்னால் த ஒட்டும்: ஃபன், தங்கு; 'தன் மே', தங்கினேன். எழுதும்போது மட்டும் அந்த எஃப்பும் அதன் எச்சும் இருக்கவே வேண்டும். பிள்ளைகள் காதில் கேட்டபடி எழுதி அதை விட்டுவிடுவார்கள்.

எழுத்தில் மாறாதவையும் உண்டு. ல, ந, ர ஒலியில் தொடங்குபவை அப்படியே நிற்கும்: லே என்றால் படி, 'லே மே' என்றால் படித்தேன். எஸ்-க்கு அடுத்து சி, எம், பி, டி என்ற எழுத்துகளில் ஒன்று வந்தாலும் மெலியாது: ஷ்க்ரீவ், எழுது, 'ஷ்க்ரீவ் மே', எழுதினேன். ஆனால் ஸ்னாவ், நீந்து, மெலியும்: 'ஹ்னாவ் மே'. எஸ்-ஐத் தொடர்வது என், எல், ஆர் என்றால் மெலிவு உண்டு.

*'கதவைச் சாத்தினேன்' என்பதை மகள் 'தூன் மே' என்கிறாள், டீச்சர் திருத்துகிறார். அந்த ஒலி வாயில் வரவே இல்லை. எப்படிப் பழக்குவது?*
வாசகர், குழித்துறை

தூன் என்றால் சாத்து, மூன்றாம் த. மெலிந்தால் இது தகரமாகவே இராது. நாக்கு நுனி கீழே படுத்துவிடும், ஒலி தொண்டைக்குப் போய்விடும். 'மகன்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் க முழுக்க அடைபடாமல், குரலோடு உரசிக்கொண்டு நழுவும். அந்த நடுக் ககரத்தை அப்படியே தூக்கிச் சொல்லின் முதலில் வைத்து 'ஊன்' சேர்த்தால் சாத்தினேன் வந்துவிடும். முதலில் 'அகூன்' என்று சொல்லச் சொல்லுங்கள். பத்துத் தடவை ஆனதும் முன்னால் இருக்கும் அகரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். க்லன், சுத்தம் செய், மூன்றாம் க. அதன் மெலிவும் இதே ஒலிதான்.

அடுத்து வருவது இ அல்லது ஏ ஒலி என்றால் இந்தச் சிரமம் இல்லை. அப்போது மூன்றாம் தவும் மூன்றாம் கவும் யகரமாகிவிடும்: ஜீல் (கிட்டத்தட்ட இந்த ஒலி) என்றால் பொருளை வில்; விற்றேன் என்னும்போது 'யீல் மே'.

மெலிக்காமல் 'தூன்' என்றே சொன்னால் கேட்பவருக்கு அது கட்டளையாகப் படும். வேறு அடையாளம் எதுவும் சொல்லில் இல்லாததால்தான் டீச்சர் விடாமல் திருத்துகிறார்.

இந்த மெலிவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய ஐரிஷ் நூல்களில் இறந்தகால வினைக்கு முன்னால் 'தோ' என்ற சிறு சொல் நிற்கும். அது அடுத்த மெய்யை மெலிக்கும். தரநடையில் அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது, மெலிவு மட்டும் நின்றுவிட்டது. 'தோல் மே'-யின் முன்னால் ஒட்டும் த அதன் மிச்சம். தெற்கே மன்ஸ்டர் பக்கம் 'தோ வ்ரிஷ் ஷே' என்று இன்றும் சொல்வதைக் கேட்கலாம்.

*'நாங்கள்' வரும்போது மட்டும் கடைசியில் 'அமர்' ஒட்டுவது ஏன்? சில இடத்தில் 'ஈமர்' என்கிறார்களே?*
வாசகி, செங்கோட்டை

மற்ற ஆட்களுக்கு விகுதி உதிர்ந்துவிட்டது, தன்மைப் பன்மைக்கு மட்டும் தரநடையில் தங்கியிருக்கிறது. ஒரே அசையுள்ள வினைகள் பெரும்பாலும் 'அமர்' எடுக்கும்: வ்ரிஷமர், உடைத்தோம், தோலமர், குடித்தோம். இரண்டு அசை கொண்டு 'இ' ஒலியில் முடிபவை 'ஈமர்' எடுக்கும்: இமி, கிளம்பு, டிமீமர், கிளம்பினோம். இல், இர் என்று முடியும் ஈரசை வினைகளில் நடு உயிர் நசுங்கிவிடும்: இமிர், விளையாடு; டிமிரீமர் இல்லை, டிம்ரீமர்.

விகுதியே 'நாங்கள்' என்று சொல்லிவிட்டதால் அதற்குப் பின்னால் தனியாக நாங்கள் போடக்கூடாது. வடக்கிலும் மேற்கிலும் பேச்சில் விகுதியை விட்டுவிட்டு 'வ்ரிஷ் மிட்' என்பார்கள், மிட் என்றால் நாங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று. 'வ்ரிஷமர் மிட்' என்று இரண்டையும் சேர்த்தால் பிழை.

கூடவே இன்னொரு வடிவத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். யார் செய்தார் என்று சொல்லாமல் 'கப்பை உடைச்சிட்டாங்க' என்கிறோமே, அதற்கென்றே ஐரிஷில் ஒரு தனி வினைவடிவம் உண்டு: ப்ரிஷூ. கவனியுங்கள், முதல் மெய் மெலியவே இல்லை. உயிரில் தொடங்கும் வினைக்கு முன்னால் த ஒட்டுவதும் இல்லை. விதி நன்றாகப் பிடிபட்ட பிள்ளைதான் இங்கே பழக்கதோஷத்தில் மெலித்துவிடும். தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையில் 'நான் பிறந்தேன்' என்பதற்கு வரும் ருகூ என்ற சொல்லும் இந்த வடிவமே.

*இல்லை என்பதற்கு ஒரு சமயம் 'நீர்', ஒரு சமயம் 'நீ' என்று வருகிறது. எதற்கு எது?*
வாசகர், சித்தூர், பாலக்காடு

இறந்தகாலத்தில் மறுப்புக்கு நீர், கேள்விக்கு அர். இரண்டும் பின்வரும் மெய்யை மெலிக்கும். நீர் வ்ரிஷ் மே, உடைக்கவில்லை; அர் வ்ரிஷ் தூ, உடைத்தாயா? 'இல்லையா?' என்று கேட்க 'நார்'. இவற்றின் கடைசியில் இருக்கும் ர் பழைய இறந்தகால இடைச்சொல் ஒன்றின் மிச்சம். அது ஏற்கனவே காலத்தைச் சொல்லிவிடுவதால் த ஒட்டாது: 'நீர் ஓல் மே' சரி, 'நீர் தோல் மே' தவறு. தேர்வுத்தாளில் சிவப்பு மை அதிகம் விழும் இடம் இது.

இனி விதிவிலக்கு. ஐரிஷில் ஒழுங்கற்ற வினைகள் மொத்தம் 11 தான். அவற்றுள் பிடி, கேள், தின், கொடு, வா என்ற ஐந்தும் நீர், அர் என்றே போகும்: ருக், ஹூலா, டி, ஹுக், ஹானிக். நீர் ஹானிக் ஷே, அவன் வரவில்லை.

மிச்சம் ஆறு: இரு, போ, செய், பார், பெறு, சொல். இவை வெறும் நீ எடுக்கும், கேள்விக்கு அன் எடுக்கும். பேச்சில் அந்த அன் வெறும் அ-வாகத் தேய்ந்துவிடும். ஏன் என்றால், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மறுப்பிலும் கேள்வியிலும் வினையே வேறு உருவம் எடுத்து நிற்கிறது.

வீ மே, இருந்தேன். நீ ரெவ் மே, இருக்கவில்லை. அ ரெவ் தூ, இருந்தாயா? ஹூயி மே, போனேன். நீ யாஹி மே, போகவில்லை. அ ஞாஹி தூ, போனாயா? ரின்யெ மே, செய்தேன். நீ யார்ன மே. அ ஞார்ன தூ? ஞகரத்தைச் சொல்லின் முதலில் உச்சரிக்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், அவர்களுக்கு இது பெரிய வசதி. ஹொனிக் மே, பார்த்தேன். நீ அக்க மே, பார்க்கவில்லை. அ வக்க தூ, பார்த்தாயா?

பெறு, சொல் இரண்டும் தனிப்போக்கு. ஃபூஅர் மே, கிடைத்தது. மறுப்பில் நீ வூஅர் மே, கேள்வியில் அ வூஅர் தூ. தூர்ட் மே, சொன்னேன். மறுப்பில் எந்த மாற்றமும் இல்லாமல் நீ தூர்ட் மே, கேள்வியில் மட்டும் அ நூர்ட் தூ. இந்த ஆறையும் மூன்று மூன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர குறுக்குவழி இல்லை. தனித்தனியாகப் படித்தால் ஹொனிக்கும் அக்கவும் ஒரே வினை என்பதே மறந்துபோகும்.

*ஆமாம், இல்லை என்பதற்கு ஐரிஷில் சொல்லே இல்லையாமே?*
வாசகி, பாறசாலை

இல்லை. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சாப்பிட்டியா?' என்றால் நாம் 'சாப்பிட்டேன்' என்பதுபோல்தான். அர் வ்ரிஷ் தூ? 'வ்ரிஷ்' அல்லது 'நீர் வ்ரிஷ்'. மே சேர்க்கத் தேவையில்லை.

*பேத்திக்கு 13 வயது, அடுத்த ஆண்டு அங்கே போய்ச் சேரப்போகிறாள். ஐரிஷ் கட்டாயமா?*
வாசகர், கூடலூர்

12 வயது நிறைந்த பிறகு வெளிநாட்டிலிருந்து போய்ச் சேரும் மாணவருக்கு விலக்குப் பெற வழி இருக்கிறது. பெற்றோர் பள்ளி முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் பொதுவாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

*வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுப்பது? டீச்சர் சொல்வதும் இணையத்தில் கேட்பதும் வேறு வேறாக இருக்கின்றன.*
வாசகி, தக்கலை

ஒரு வினைக்கு ஐந்து வடிவம் என்று ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்: ஏவல், நான், நாங்கள், மறுப்பு, கேள்வி. குடி என்றால் ஓல், தோல் மே, தோலமர், நீர் ஓல் மே, அர் ஓல் தூ. நாளைக்கு மூன்று வினை போதும், ஆனால் மூன்றும் வேறு வேறு வகையாக இருக்கட்டும்: மெய்யில் தொடங்குவது ஒன்று, உயிர் அல்லது எஃப் ஒன்று, மாறாத ல, ந, ர ஒன்று. ஒரே வகையை அடுக்கினால் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள்.

பிறகு வாக்கியம். 'இன்யே' என்றால் நேற்று. இன்யே என்று தொடங்கி, நேற்று நடந்த நான்கு விஷயங்களைச் சொல்லச் சொல்லுங்கள். இன்யே ஹூயி மே கு ஜீ அ ஷுப்ப, நேற்று கடைக்குப் போனேன். வகுப்புகளில் செய்தி எழுதும் பயிற்சியும் இப்படித்தான் நடக்கும், அதனால் இரு, போ, செய், பார் நான்கையும் முதலில் முடித்துவிடுவது நல்லது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் வரிசைப் பிழை தனியாக வரும். வினை முதலில், செய்தவர் அடுத்து, பொருள் கடைசியில். 'வ்ரிஷ் மே அன் கொப்பான்' என்றால் கப்பை உடைத்தேன். நம் பழக்கத்தில் பொருளை முன்னே தள்ளி 'வ்ரிஷ் அன் கொப்பான் மே' என்றால், கப் என்னை உடைத்தது என்று பொருள். ஐ வேற்றுமை போன்ற உருபு ஐரிஷில் கிடையாது, இடம்தான் உருபு.

உச்சரிப்பு வேறுபடுவது பிழையல்ல. மன்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்று மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. 'இருக்கவில்லை' என்பதில் வரும் ரெவ்கூட ஓரிடத்தில் ரோ என்று கேட்கும். மன்ஸ்டரில் வ்ரிஷ் மே என்பதற்குப் பதில் விகுதியோடு 'வ்ரிஷஸ்' என்று சொல்பவர்களும் உண்டு. டியாங்லன் என்ற இலவச இணைய அகராதியில் பல சொற்களுக்கு மூன்று வழக்கின் ஒலிப்பதிவும் தனித்தனிப் பொத்தானில் இருக்கின்றன. டீச்சர் எந்த வழக்கு என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். எழுத்துக்கூட்டல் மூன்றுக்கும் பொதுவான தரநடையில்தான் திருத்தப்படும். எச் போட வேண்டிய இடத்தில் போட்டிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.