மதுரையின் தடம் எங்கே விழுகிறது?

வணக்கம் ஐயா,

நகரங்களின் சூழல் தடம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இணையத்தில் எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் எங்களைப் போல வாழ்ந்தால் முக்கால் பூமி போதும் என்று வந்தது. 'அப்போ மதுரைக்காரங்க மேல ஒரு தப்பும் இல்லையேப்பா' என்கிறான் என் மகன். எனக்கு மனது ஒப்பவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் அளவில் எதை அளக்கலாம்?

செ.மு., திருநகர்

அன்புள்ள செ.மு.,

உங்கள் மகன் சொல்வது கணக்குப்படி சரிதான். உங்கள் மனது ஒப்பாததற்கும் காரணம் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் உருவாக்கிய முறை இது. ஓர் ஊர் தின்பதையும் உடுத்துவதையும் விளைவிக்க, அது எரிப்பதால் வரும் கரியமில வாயுவை உறிஞ்ச, எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும் என்று பார்க்கிறார்கள். விடை உலக சராசரி விளைச்சல் கொண்ட ஹெக்டேரில் வரும். பூமியில் இருப்பதைப் பங்கு வைத்தால் தலைக்கு ஒன்றரை ஹெக்டேர் அளவில் கிடைக்கும். இந்தியர் ஒருவரின் சராசரி தடம் ஒரு ஹெக்டேரை ஒட்டி இருப்பதால்தான் நம் வீடுகளுக்கு ஒரு பூமிக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்திய மண்ணும் காடும் தரக்கூடியது தலைக்கு அரை ஹெக்டேருக்கும் குறைவு. இதை உங்கள் மகனிடம் முதலில் சொல்லுங்கள்.

மதுரைக்குத் தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். 2011இல் உங்கள் திருநகரையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக விரிந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விரிந்த எல்லைக்குள் மக்கள்தொகை ஏறக்குறைய 15 லட்சம். தலைக்கு ஒரு ஹெக்டேர் என்றே வைத்தாலும் 15 லட்சம் ஹெக்டேர். நகரமோ 14,800 ஹெக்டேர்தான். தன்னைப் போல கிட்டத்தட்ட 100 மடங்கு நிலத்தில் நம் ஊர் சாய்ந்து நிற்கிறது. 2000ஆம் ஆண்டுக்கு லண்டனை அளந்தபோது 293 மடங்கு வந்தது. அதைப் பார்த்து நாம் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த 100 மடங்கு நிலம் எங்கே இருக்கிறது, யாருடையது என்று இந்த எண் சொல்லாது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். தராசில் ஏறிய கையோடு ஒரு பங்கு பெட்டிக்குள் போய் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. தடக் கணக்கு நுகர்பவர் பெயரில் எழுதப்படுவது. ஆகவே அந்தப் பூவுக்கான நிலம் சிங்கப்பூரின் ஏட்டில் சேரும். அதை விளைவித்த கிணற்றுத் தண்ணீரும் அடித்த மருந்தும் எந்த ஏட்டிலும் ஏறாது. நீரையும் நஞ்சையும் அளப்பதற்கு இந்த முறையில் இடமே இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்கு வெட்டிய குன்றுகளும் அப்படித்தான். வெட்டி ஏற்றிப்போக எரித்த டீசல் கணக்கில் வரும், போன குன்று வராது.

தண்ணீரில்தான் இது நம்மை நேராகத் தொடுகிறது. மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் அணை கட்டி மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பித்தான் இருக்கிறது. அதே தண்ணீரைத் தேனி மாவட்டத்து லோயர்கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆற்றில் வரும் தண்ணீர் வழியெல்லாம் கிணறுகளுக்கு ஊறிக்கொண்டே வரும், குழாயில் வரும் தண்ணீர் ஊறாது. நமக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் நாம் திறக்கும் குழாயின் மறுமுனையில் ஒருவர் வயல் இருக்கிறது என்பது நம் அளவுகளில் தெரியவேண்டாமா?

அப்புறம் கண்மாய்கள். உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாய் நிலத்தில். செல்லூர்க் கண்மாய் நிரம்பிய 2024 அக்டோபரில் தெருவுக்குள் தண்ணீர் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்மாய் முழுவதும் கட்டடமானாலும், தலைக்கு இத்தனை ஹெக்டேர் என்ற எண்ணில் அது கடுகளவுகூடத் தெரியாது. ஊருக்கோ வடிகாலும் போச்சு, ஊற்றும் போச்சு.

இதனால் தடக் கணக்கே வீண் என்று சொல்லமாட்டேன். நாடுகளை ஒப்பிட, எரிபொருளின் பங்கைப் புரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. மதுரை போன்ற ஊருக்கு அதோடு இன்னொரு ஏடும் வேண்டும், வார்டு வார்டாக.

உங்கள் சங்கத்தில் அதைத் தொடங்கலாம். மின்வாரிய ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு அட்டையிலேயே இருக்கிறது. ஏசி உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிரித்து எழுதுங்கள். சராசரி போட்டால் பத்து மடங்கு வித்தியாசமும் மறைந்துவிடும். தண்ணி லாரி மாதம் எத்தனை தடவை வருகிறது, டிரைவர் எந்த ஊரில் நிரப்புகிறார் என்று கேளுங்கள், சொல்வார்கள். செப்டிக் டேங்க் எடுக்கும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதையும் விடாமல் கேளுங்கள், அது கொஞ்சம் கஷ்டம். குப்பையில் மக்குவது எவ்வளவு என்று ஒரு வாரம் எடை போட்டால் போதும், வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகும் வண்டியில் எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிந்துவிடும். போர்வெல் போடும்போது எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பது பழைய வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை ஆண்டோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

மகனையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரி நிரப்பும் ஊர்களின் பெயர்கள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்த ஊர்க் கிணறுகளின் நிலையைப் போய்ப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.