ஒரிஜினல் சர்டிபிகேட்டை முதலில் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: என் மகள் பி.காம். கடைசி செமஸ்டர் எழுதி முடித்துவிட்டாள். எம்.பி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். அதற்கான டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினாள், மதிப்பெண் குறைவுதான். கன்சல்டன்சி நடத்தும் ஒருவர் பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அவளுடைய பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் 40 ஆயிரம் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்கிறார். 100 சதவீதம் வேலை உறுதியாம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். மீதிப் பணத்தைக் கட்டலாமா? – அவிநாசி வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அந்தக் கல்லூரி நல்லதா கெட்டதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மார்க் ஷீட் இரண்டும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். பத்தாயிரம் போனால் கஷ்டம்தான், ஆனால் அதைச் சம்பாதித்துவிடலாம். ஒரிஜினல் இல்லாமல் கவுன்சலிங்கில் கிடைக்கும் இடத்தில் போய்ச் சேர முடியாது. கன்சல்டன்சிக்காரருக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் பணத்துக்கு முன்னால் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கிறார்கள்.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாவும் பெண்ணும் என் அறைக்கு வந்தார்கள். பெண்ணுக்கு அரசு கவுன்சலிங்கில் கோவையிலேயே ஒரு நல்ல கல்லூரி கிடைத்திருந்தது. சேர இரண்டே நாள் இருந்தது. ஒரிஜினல்களோ வெளிமாநிலத்தில் ஓர் ஏஜென்ட் அலுவலகத்தில் கிடந்தன. பணம் கட்டிய ரசீதைக் காட்டச் சொன்னேன். அந்த அம்மா பர்ஸிலிருந்து நான்காக மடித்த மஞ்சள் தாளை எடுத்துப் பிரித்தார். அதில் கல்லூரியின் பெயரே இல்லை. ஏதோ ஒரு அறக்கட்டளையின் பெயர், அதன் கீழே ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: ‘நன்கொடை. திருப்பித் தர இயலாது.’ அந்தப் பெண்ணால் குறித்த நாளில் சேர முடியவில்லை. ஒரு வருடம் வீணாகிவிட்டது.

உங்களுக்குக் கொடுத்த ரசீதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். ரசீதே தரவில்லை என்றால் ஜிபே, வங்கிக் கணக்கில் யார் பெயருக்குப் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரிக் கட்டணம் கல்லூரியின் கணக்கில்தான் விழ வேண்டும். தனி ஆளின் பெயருக்கோ அறக்கட்டளைப் பெயருக்கோ ‘நன்கொடை’ என்று வாங்கினால் அது கல்விக் கட்டணமே இல்லை. தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் 1992லேயே வந்துவிட்டது. வந்து என்ன, இன்றும் வாங்குகிறார்கள். வாங்குபவர்களைத் தேடிப் பிடிப்பார் இல்லை. ஏமாந்தவர்தான் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கிறது.

மார்க் ஷீட்டை எப்படித் திரும்ப வாங்குவது? மகளையும் விவரம் தெரிந்த ஓர் உறவினரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். சண்டை வேண்டாம். ‘டிகிரி கல்லூரியில் ஒரிஜினல் கேட்கிறார்கள், கொடுங்கள்’ என்று கேளுங்கள். கல்லூரிக்கு அனுப்பிவிட்டோம் என்றால், எந்தக் கல்லூரி, யார் வாங்கினார், எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவிக்கை வெளியிட்டது. கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது ஒரு புரோக்கருக்கு எங்கிருந்து வந்தது? தர மறுத்தால் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது வரைக்கும் போகாது. புகார் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே ஃபைலைக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, மதிப்பெண் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்துக் குறைவு என்கிறீர்கள்? டான்செட் எம்.பி.ஏ. தேர்வில் 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். இப்படிப்பட்ட தேர்வில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத்து மார்க் மாதிரி எண்பதும் தொண்ணூறும் வராது. பாஸ், ஃபெயில் என்பதும் இதில் இல்லை. தரவரிசையில் எங்கே நிற்கிறாள் என்பதுதான் கணக்கு. உங்களிடம் வந்தவர் அந்த மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார். நீங்களும் பயந்திருப்பீர்கள். பல கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களே கடைசிச் சுற்றுக்குப் பிறகும் காலியாகக் கிடக்கின்றன.

ஆனால் ஒன்று கவனியுங்கள். டான்செட் எழுதியதால் மட்டும் கவுன்சலிங்கில் பெயர் வந்துவிடாது. தேர்வை நடத்துவது அண்ணா பல்கலைக்கழகம். எம்.பி.ஏ. கவுன்சலிங்கை நடத்துவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. அதற்குத் தனியாக ஆன்லைனில் விண்ணப்பித்து, சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். ‘எழுதிவிட்டோம், லெட்டர் வரும்’ என்று காத்திருந்து கோட்டை விட்ட பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். இதை ஹால் டிக்கெட்டிலேயே பெரிய எழுத்தில் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? தேர்வு பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடக்கிறது. கவுன்சலிங் தொடங்க ஆடி மாதம் ஆகிவிடுகிறது. இந்த இடைவெளியில் அரசிடமிருந்து பெற்றோருக்கு ஒரு வார்த்தை வராது. கன்சல்டன்சியிலிருந்து தினம் மூன்று போன் வரும். புரோக்கர் பிழைப்பதே இந்த நான்கு மாதத்தில்தான். உங்கள் மகள் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தாளா என்று இன்று இரவே கேளுங்கள். விண்ணப்பம் திறந்திருந்தால் உடனே போடச் சொல்லுங்கள். டிகிரியில் 50 சதவீதம் இருந்தால் போதும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45.

இனி அந்தப் பெங்களூர் கல்லூரி. மகளின் போனில் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) இணையதளத்துக்குப் போய், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் மாநிலம், மேலாண்மைப் படிப்பு என்று கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயர், எம்.பி.ஏ. படிப்பு, எத்தனை இடங்கள், எந்தக் கல்வியாண்டு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஏஜென்ட் காட்டும் லேமினேட் செய்த கடிதத்தை நம்பாதீர்கள். அது எந்த வருடத்துக் கடிதமோ, அதே நிர்வாகத்தின் வேறு கல்லூரிக்கு வந்ததோ, பார்த்தவுடன் தெரியாது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பல்கலைக்கழகம் தன் சொந்த வளாகத்தில், தன் சொந்தத் துறையில் நடத்தும் எம்.பி.ஏ.வுக்கு ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001ல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. அதனால் ஒரு பல்கலைக்கழகத் துறையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காகவே அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சரி, ஏஜென்ட் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்? ‘இது யுனிவர்சிட்டி சார், ஏஐசிடிஇ தேவையில்லை’ என்பார். அவர் காட்டுவது பல்கலைக்கழகமாக இருக்காது, அதோடு இணைப்புப் பெற்ற ஒரு தனியார் கல்லூரியாக இருக்கும். இணைப்புக் கல்லூரிக்கு அனுமதி கட்டாயம். நிகர்நிலைப் பல்கலைக்கழகமா (டீம்டு யுனிவர்சிட்டி)? அதுவும் அனுமதி வாங்க வேண்டும், இந்தச் சலுகை அதற்குக் கிடையாது. இன்னும் சிலர், வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்று ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியைக் காட்டுவார்கள். பல்கலைக்கழகம் தன் பெயரைத் தனியாருக்கு இப்படி வாடகைக்கு விட யுஜிசி அனுமதிப்பதில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பட்டத்தில் யார் பெயர் வரும், வகுப்பு யாருடைய கட்டடத்தில் நடக்கும்? இரண்டும் அதே பல்கலைக்கழகம், அது நிகர்நிலையும் இல்லை என்றால் அது துறை. இரண்டும் வேறு வேறு என்றால் அது கல்லூரி, ஏஐசிடிஇ பட்டியலில் இருந்தே தீர வேண்டும்.

பி.ஜி.டி.எம். என்று சொன்னால் அது பட்டம் அல்ல, டிப்ளமா. நல்ல நிறுவனங்களும் அதை நடத்துகின்றன. உங்கள் நிலைமைக்கு அது வேண்டாம்.

100 சதவீதம் வேலை என்ற பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். அச்சடித்த நோட்டீஸைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ‘வேலைவாய்ப்பு உதவி’ என்றுதான் இருக்கும். உதவி என்றால் கம்பெனியைக் கூட்டி வருவார்கள், அவ்வளவுதான். வருகிற வேலை என்னவென்று பார்த்தால் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, வீட்டுமனை விற்கிற வேலை. விற்பனை வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு பி.காம். போதும். போன வருடம் படித்து முடித்த மூன்று பேரின் எண்ணைக் கல்லூரியிடம் கேளுங்கள். ஏஜென்ட் தரும் எண் வேண்டாம். அந்த மூன்று பேரிடம் உங்கள் மகளே பேசட்டும். முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது, இப்போதும் அதே வேலையில் இருக்கிறாயா, இந்த இரண்டு கேள்வி போதும்.

கட்டணத்தாளையும் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். சேர்ந்த பிறகு கோட் சூட், லேப்டாப், சான்றிதழ்ப் படிப்பு, வெளிநாட்டுத் தொழிற்சாலைச் சுற்றுலா என்று ஒவ்வொன்றாக வரும்.

‘லோன் நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று அடுத்த போனில் சொல்வார்கள், தயாராக இருங்கள். அது பெரும்பாலும் தனியார் நிதி நிறுவனக் கடன், அடுத்த மாதமே தவணை தொடங்கும். வங்கிக் கல்விக் கடன் அப்படியல்ல. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே இலவசமாக விண்ணப்பிக்கலாம். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, சொத்துப் பத்திரம் கேட்கக் கூடாது. கேட்பார்கள். மேனேஜரிடம் இந்த உத்தரவாதத் திட்டம் இருப்பதைச் சொல்லிப் பொறுமையாகப் பேசுங்கள். கவுன்சலிங் இல்லாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் (மேனேஜ்மென்ட் கோட்டா) சேர்ந்தால் வங்கிகள் தயங்குகின்றன. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. கவுன்சலிங் வழியாகச் சேர்வதில் உள்ள பெரிய லாபமே இதுதான், இதை எந்த ஏஜென்டும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

ஏற்கனவே கல்லூரியிலேயே நேரடியாகப் பணம் கட்டியிருந்தால், சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் ஐந்து சதவீதம், அதிகபட்சம் ஐயாயிரம் ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2018 அறிவிக்கையில் இருக்கிறது. நாள் தள்ளத் தள்ளத் தொகை குறையும், கடைசி நாளிலிருந்து 30 நாள் தாண்டிவிட்டால் ஒன்றும் கிடையாது. ஏஜென்டிடம் கொடுத்த பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. அதனால்தான் ரசீதைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

மகளுக்கு ஒரு வார்த்தை. கவுன்சலிங்கில் மனதுக்குப் பிடித்த கல்லூரி கிடைக்காவிட்டால் இந்த வருடமே எதிலாவது சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் இருப்பது திருப்பூர் பக்கம். ஏதாவது ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங்கிலோ அக்கவுண்ட்ஸிலோ ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி டான்செட் எழுதட்டும். ஆர்டர் எப்படி வருகிறது, ஷிப்மெண்ட் ஏன் தாமதமாகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எம்.பி.ஏ. பாடம் புரிகிற விதமே வேறு. என் வகுப்பில் நல்ல கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் அப்படி வந்தவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை அவர் போன் செய்வார். 40 ஆயிரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கல்லூரியின் வங்கிக் கணக்கு எண்ணை, கல்லூரி லெட்டர்பேடில், கட்டண விவரத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன்பே, வியாழக்கிழமைக்குள், மார்க் ஷீட்டை வாங்கி வந்துவிடுங்கள்.