வாரிசைத் தேடிய ஸ்டுடியோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்த ‘டோட்டோரோ’ படத்தைக் காட்சி காட்சியாகச் சொல்லக்கூடியவள் என் எட்டு வயது மகள். போன வாரம் அவளோடு ஜிப்லியின் ‘இயர்விக் அண்ட் தி விட்ச்’ பார்த்தேன். கம்ப்யூட்டரில் செய்த பொம்மை முகங்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் படமே முடிந்துவிட்டது. “அவ்வளவுதானாம்மா?” என்றாள். அப்பா சம்பாதித்த பெயரை மகன் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜிப்லியின் காலம் முடிந்துவிட்டதா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

உங்கள் மகள் கேட்டதுதான் சரியான விமர்சனம். தொலைந்துபோன அம்மா வாசலில் வந்து நிற்கிறாள், உடனே படம் முடிகிறது. குழந்தைக்கு அது ஏமாற்றம்தான், எனக்கும்தான். கம்ப்யூட்டர் விஷயத்தை விடுங்கள், அதிலும் எத்தனையோ நல்ல படங்கள் வந்திருக்கின்றன.

ஆனால் மகன் கெடுத்துவிட்டார் என்று எழுதினீர்களே, அதை விட முடியவில்லை. ‘இயர்விக்’கை இயக்கிய அந்த மகன் கோரோ மியாசாகி, பூங்காக்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 2001இல் திறந்த ஜிப்லி அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். 2006இல் அவர் முதல் படம் எடுத்தபோது, அனுபவம் இல்லை என்று எதிர்த்தவர் ‘டோட்டோரோ’வை எடுத்த அப்பா ஹயாவோ மியாசாகி. ‘இயர்விக்’கைப் படமாக்கலாம் என்று திட்டமிட்டவரும் அதே அப்பா. இதையெல்லாம் விசாரிக்காமல் ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றலாமா? சினிமாவிலும் அரசியலிலும் பிள்ளைகளையே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு ஸ்டுடியோ என்றாலும் முதலில் மகனைத்தான் தேடுகிறோம்.

ஜிப்லிக்கு வாரிசு இருந்தார். யோஷிஃபுமி கோண்டோ. அப்பா மியாசாகி, ஜிப்லியின் இன்னொரு பெரிய இயக்குநர் டக்காஹாட்டா இருவருமே நம்பிய ஓவியர். 1995இல் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ எடுத்தார். அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் அது. 1998 ஜனவரியில், 47 வயதில் இறந்துபோனார்.

நான் எழுதியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்த நாட்களில், நண்பன் அறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி முதல் கதையை எழுதி, பழம்பொருள் கடைத் தாத்தாவிடம் கொடுப்பாள். கரடுமுரடாக இருக்கிறது, நேர்மையாக இருக்கிறது, இன்னும் முடியவில்லை என்பார் அவர். நன்றாக இல்லை என்று அந்தப் பெண் அழுவாள். தாத்தா அவளைப் பொய்யாகப் புகழ மாட்டார். பட்டை தீட்டாத கல் ஒன்றைக் கையில் கொடுத்து, சூடாக நூடுல்ஸ் செய்து போடுவார். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அந்தத் தாத்தாவை எனக்கும் தாத்தாவாக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்துக்குத் திரைக்கதையும் ஸ்டோரிபோர்டும் மியாசாகி போட்டவை. என் வருத்தமே அங்குதான். இளையவர்களுக்கு அவகாசம் கொடுங்கள் என்று அவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர், தன் ஸ்டுடியோவில் அந்தத் தாத்தாவாக இருந்தாரா? ‘ஹௌல்ஸ் மூவிங் கேஸில்’ எடுக்க மமோரு ஹொசோடா என்ற இயக்குநரை வெளியிலிருந்து அழைத்தார்கள். அவர் பாதியில் விலக, மியாசாகியே எடுத்தார். ஜிப்லிக்கு ‘அரியெட்டி’ எடுத்த யோனெபயாஷி, 2014இல் தயாரிப்புப் பிரிவு கலைந்தபின் வேறு ஸ்டுடியோவுக்குப் போனார். ஒரு மேதையின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு கோடு வரைவது லேசான காரியமில்லை. மேதையை நான் கும்பிடுகிறேன், ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கும் இது தெரியாமல் இல்லை. 2023இல், 82 வயதில், ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ கொடுத்தார். அதில் ஒரு பெரிய தாத்தா, தான் தாங்கிப் பிடித்த உலகத்தை ஏற்றுக்கொள்ள ரத்தசொந்தத்தில் ஒரு பையனைத் தேடுவார். பையன் முடியாது என்பான், உலகம் சரியும். படம் அவனைக் குற்றம் சொல்வதில்லை.

சரி, மகளுக்கு இரண்டு வருடம் கழித்து ‘விஸ்பர்’ காட்டுங்கள். நீங்கள் முதலில் கோரோவின் ‘ஃப்ரம் அப் ஆன் பாப்பி ஹில்’ பாருங்கள், 2011இல் வந்தது. கடலில் தொலைந்த அப்பாவுக்காகத் தினமும் காலையில் கொடி ஏற்றும் பெண்ணின் கதை. அதைப் பார்த்த பிறகும் அவரைத் திட்டத் தோன்றினால் எழுதுங்கள்.