புகையிலிருந்து எரிபொருள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தாம் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கிகள் பற்றிய தங்கள் கட்டுரையைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்கு வாசித்துக் காட்டினேன். கார்பன் டை ஆக்ஸைடை மெத்தனால் என்ற நீர்ம எரிபொருளாக மாற்றும் வீரியமிக்க வினையூக்கிகள் உருவாகிவருவதாக எழுதியிருந்தீர்கள். 1996இல் ராஜபாளையம் பக்கமிருந்து கிளம்பிய மூலிகை பெட்ரோல் பரபரப்பை என் தந்தை இன்னமும் சொல்லிச் சிரிப்பார். எரிந்து முடிந்த புகையை மீண்டும் எரிபொருளாக்குவதும் அந்த வகைப் பேச்சுதானா? வினையூக்கி சமநிலையை, அதாவது கடைசியில் எவ்வளவு விளைபொருள் கிடைக்கும் என்பதை, மாற்றாது என்று பாடத்தில் இருக்க, அதன் வீரியத்தைக் கூட்ட ஏன் இத்தனை ஆய்வு என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு இத்துறையில் படிக்க ஆசை. தொலைவில் அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள்.

வேதியியல் ஆசிரியை, திருமங்கலம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் தந்தையாரின் சிரிப்பு நியாயமானது. தண்ணீரில் தழையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்றபோது, அதில் எரியும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடையே இல்லை. மெத்தனால் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அது சற்றுக் கசப்பான விடை என்பதுதான் வேறுபாடு.

ஒரு கிலோ மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடும் 190 கிராம் ஹைட்ரஜனும் வேண்டும். மின்பகுப்பு முறையில் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய கருவிகளுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் பிடிக்கிறது. ஆகவே ஒரு கிலோ மெத்தனாலுக்கு ஹைட்ரஜன் கணக்கில் மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதை எரித்தால் திரும்பக் கிடைக்கும் வெப்பமோ சுமார் 5.5 யூனிட்டுக்குச் சமம். மின்சாரத்தை நீர்ம வடிவில் சேமித்துவைக்க நாம் கொடுக்கும் விலை அது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் இந்த முயற்சிக்கே பொருளில்லை. கமுதிச் சூரியமின் நிலையம் போன்ற ஒன்றிலிருந்து, நண்பகலில் வாங்க ஆளில்லாமல் மிஞ்சுகிற மின்சாரம் என்றால் யோசிக்கலாம்.

மாணவியின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. மதுரையிலிருந்து தேனிக்குப் போகிறவர் மலையேறாமல் ஆண்டிபட்டிக் கணவாய் வழியே போய்விடுகிறார். ஆனால் மதுரையைவிடத் தேனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தைக் கணவாய் குறைத்துவிடுவதில்லை. வினை நடக்கத் தாண்டவேண்டிய கிளர்வு ஆற்றலை வினையூக்கி குறைக்கிறது, சமநிலையைத் தொடுவதில்லை என்று பாடநூல் சொல்வது முற்றிலும் சரி. பாடநூல் சொல்லாமல் விடுவது, எந்த வெப்பநிலையின் சமநிலையில் வேலை செய்வது என்பதை நடைமுறையில் வினையூக்கியே தீர்மானிக்கிறது என்பதைத்தான்.

மெத்தனால் உருவாகும் வினை வெப்பத்தை வெளியிடுவது. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகக் குறைவது. குறைந்த வெப்பநிலையும் உயர்ந்த அழுத்தமும் அதற்கு உகந்தவை என்று, நாம் செய்யும் மாற்றத்தை எதிர்க்கும் பக்கமே சமநிலை நகரும் என்கிற லே சாட்லியர் தத்துவத்தைக் கொண்டு உங்கள் மாணவிகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் குறைந்த வெப்பநிலையில் வினை நகராது. 1923இல் ஜெர்மனியில் தொடங்கிய தொழிற்சாலை உற்பத்தியில் துத்தநாக, குரோமிய ஆக்ஸைடுகள் பயன்பட்டன. அவை 300 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்தன, அந்த வெப்பநிலையில் சமநிலை பாதகமாக இருந்ததால் அதை ஈடுகட்ட 250 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் கொடுக்கவேண்டியிருந்தது. 1966இல் இங்கிலாந்தில் தாமிரம், துத்தநாக ஆக்ஸைடு, அலுமினா சேர்ந்த வினையூக்கி வந்தபோது 250 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையும் 50 முதல் 100 வளிமண்டலமும் போதுமானதாயின. சமநிலை விதியில் ஒரு புள்ளியும் மாறவில்லை. அழுத்தத்துக்காகச் செலவான ஆற்றல் பெருமளவு மிச்சமானது.

தாமிரத்தின் வீரியம் முன்பே தெரிந்திருந்ததுதான். கந்தகம் பட்டால் அது செத்துவிடும். அக்காலத்தில் நிலக்கரியிலிருந்து கிடைத்த வாயுவில் கந்தகம் இருந்தது. வாயுவைத் தூய்மைப்படுத்தும் முறைகள் தேறிய பிறகே தாமிரத்துக்கு வாழ்வு வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து 'அபார வீரியம்' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த நாற்பதாண்டுத் தாமதம் நினைவுக்கு வரும். அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை எடுத்தால் கந்தகமும் கூடவே வரும். அது போதாதென்று, கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து மெத்தனால் உருவாகும்போது உடன் விளையும் நீராவி, தாமிரத்தின் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பரப்பைக் குறைத்துவிடுகிறது. தொழிற்சாலையில் ஒரு வினையூக்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டும். சில நூறு மணி நேரச் சோதனையோடு நிற்கும் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அளவுக்கே நம்புகிறேன்.

மின்பகுப்பிலும் இதே கதைதான். அமில வகை மின்பகுப்பியில் ஆக்ஸிஜன் வெளிவரும் பக்கத்துக்கு இரிடியம் என்ற அரிய உலோகம் சிறந்தது, ஆனால் உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் சில டன்களே. மலிவான நிக்கல், இரும்பைக் கொண்டு அந்த வேலையை நீடித்துச் செய்யவைப்பது எனக்குப் பெரிய ஆய்வாகப் படுகிறது.

ஐஸ்லாந்தில் 2012 முதல் புவிவெப்ப மின்சாரத்தையும் அதே நிலையம் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடையும் கொண்டு மெத்தனால் தயாரித்தார்கள். ஆகவே இது வெறும் பேச்சல்ல. ஆனால் மலிவான மின்சாரமும் வாயுவும் ஒரே இடத்தில் கிடைக்கும் அந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

மாணவியின் பெற்றோரிடம் காரைக்குடியைப் பற்றிச் சொல்லுங்கள். அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். மின்வேதியியல் சார்ந்த பொறியியல் பட்டப்படிப்பும் அங்கு நடந்துவருகிறது. சேர்க்கை விதிமுறைகளை நிலையத்திலேயே நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது.